கோடரிக்கு முன் வரும் யோசனை

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் மேசைக்குப் புதிதாக வந்து அமரும் ஒருவர், எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வது என்று கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "பார்பேரியன் எடுத்துக்கோ, யோசிக்கவே வேண்டாம், அடிச்சாப் போதும்." பார்பேரியன் என்பது வெறிகொண்டு போரிடும் குலவீரப் பாத்திரம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அறிவுரைதான் அது. பக்கம் பக்கமாக நீளும் மந்திரப் பட்டியலைக் காட்டி முதல் நாளிலேயே ஒருவரைத் திணறடிப்பதைவிட, ஒரு கோடரியையும் பன்னிரண்டு முகப் பகடையையும் கையில் கொடுத்து உட்காரவைப்பது எளிது. ஆனால் அந்த அறிவுரையின் நடுவில் இருக்கும் "யோசிக்கவே வேண்டாம்" என்ற சொற்கள் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவற்றை நம்பி அமர்ந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பல மேசைகளில் பார்த்துவிட்டேன். கோட்டைக்குள் எப்படி நுழைவது, வாயிற்காவலனிடம் எந்தப் பொய்யைச் சொல்வது, கைதியை விடுவிப்பதா வேண்டாமா என்று மற்றவர்கள் நெடுநேரம் வாதிட்டுக்கொண்டிருப்பார்கள். பார்பேரியனை ஆடுபவரோ உள்ளங்கையில் பகடையை உருட்டியபடி சும்மா இருப்பார். சண்டை தொடங்கியதும் எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பும். முடிந்ததும் மறுபடி அவரை மறந்துவிடுவார்கள். கதை முழுவதும் கூடவே நடந்தும் கதைக்கு வெளியிலேயே நிற்கும் நிலை அது.

என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. இந்த ஆட்டத்தில் செயலுக்கு முன் மிக அதிகமாக யோசிக்க வேண்டிய பாத்திரம் பார்பேரியன்தான் என்று நான் நம்புகிறேன். வெறி வந்தபின் யோசிக்க முடியாது என்பதாலேயே, யோசனை முழுவதையும் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டியவள் அவள்.

விதிநூல்களின் வரலாற்றைப் பார்த்தாலும், இந்தப் பாத்திரம் தொடக்கத்திலிருந்தே வெறும் ஆவேசமாக இருக்கவில்லை என்பது தெரியும். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1982-இல் டிராகன் இதழில் எழுதி, 1985-இல் துணை விதிநூலிலும் சேர்த்த பார்பேரியனிடம் இன்று நாம் அறிந்த ரேஜ் என்ற போர்வெறி கிடையாது. தடம் பார்ப்பது, பாறையில் ஏறுவது, காட்டில் மறைவது, காயத்துக்கு முதலுதவி செய்வது ஆகியவைதான் அவனுடைய வித்தைகள். சாதாரணப் போர்வீரப் பாத்திரமான ஃபைட்டர் 2000 அனுபவப் புள்ளிகளில் முதல் லெவலைக் கடந்துவிடுவான் என்றால், பார்பேரியனுக்கு 6000 புள்ளிகள் வேண்டும். மந்திரத்தின்மீது தீராத வெறுப்பு வேறு. மந்திரப் பொருள்களை அழித்தால் அவனுக்குப் புள்ளிகள் சேர்ந்தன. மந்திரவாதியோடு ஒரே குழுவில் பயணம் செய்ய வேண்டிய ஆட்டத்தில் அந்த விதி எவ்வளவு சண்டைகளை மூட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. என்றாலும், அவன் அறிவுள்ளவன், அந்த அறிவு நகரத்தில் கற்றதன்று என்ற தெளிவு அந்த வடிவமைப்பில் இருந்தது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பார்பேரியன் அடிப்படை விதிநூலுக்குள் இடம்பெற்றான், ரேஜ் அவனுடைய முகவரியாயிற்று. அதே நூல் இன்னொன்றையும் செய்தது: மற்ற எல்லாப் பாத்திரங்களும் இயல்பாகவே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க, பார்பேரியன் மட்டும் இரண்டு திறன் புள்ளிகளைச் செலவழித்தால்தான் எழுத்தறிவு பெறுவான். ரேஜும் எழுத்தறியாமையும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றதுதான் "யோசிக்கத் தெரியாதவன்" என்ற உருவத்தை இறுக்கிவிட்டது என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் இந்தப் பாத்திரத்தின் மூதாதையான கோனன், ராபர்ட் இ. ஹோவர்ட் 1932-இல் வெளியிட்ட முதல் கதையிலேயே ஓர் அரசனாகத்தான் தோன்றுகிறான். எழுதுமேசையில் அமர்ந்து, அரசவையினர் அறியாத வடதேசங்களை வரைபடத்தில் தன் கையால் நிரப்பிக்கொண்டிருக்கிறான்.

எட்டு என்ற எண்

ஐந்தாம் பதிப்பில் பாத்திரம் உருவாக்கும்போது அதன் ஆறு திறன்களுக்கும் பங்கிடப் பலரும் பயன்படுத்தும் எண்வரிசை 15, 14, 13, 12, 10, 8. பார்பேரியனை ஆடுபவர்கள் பெரும்பாலும் அந்த 8-ஐ, படிப்பறிவைக் குறிக்கும் இன்டெலிஜென்ஸில் போடுவார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். பிறகு அந்த எட்டை வைத்துக்கொண்டு, பேசவே தெரியாத, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று விழிக்கும் ஓர் உருவத்தை நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சாதாரண மனிதனின் சராசரி 10. எட்டு என்றால் பகடையில் ஒன்று குறையும், அவ்வளவுதான். இருபது முகப் பகடையில் ஒன்று என்பது நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. வரலாற்று நூலில் படித்த ஒரு பெயரை நினைவுகூர்வதில் பக்கத்து வீட்டுக்காரரைவிடச் சற்றே பின்தங்கியவள், முட்டாள் ஆகிவிட மாட்டாள். ஆபத்தை முன்கூட்டியே உணர்வதும், மனிதர்களின் முகத்தைப் படிப்பதும், தடம் தேடுவதும் உள்ளுணர்வைக் குறிக்கும் விஸ்டமைச் சார்ந்தவை. அங்கே அவள் 12-ஓ 13-ஓ வைத்திருந்தால், குழுவின் மந்திரவாதியைவிடக் கூர்மையாக மனிதர்களை எடைபோடக்கூடியவள் அவள்தான்.

ரேஜின் விதியைப் பாருங்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் முதல் லெவலில் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் ரேஜ் கிடைக்கும். மூன்றாம் லெவலில் மூன்று. ஒருமுறை தொடங்கினால் ஒரு நிமிடம், அதாவது பத்து ரவுண்டு, நீடிக்கும். வெட்டு, குத்து, அடி ஆகிய மூன்றிலும் பாதிச் சேதம்தான் உடம்பில் இறங்கும். ஆனால் அந்நேரத்தில் மந்திரம் ஓத முடியாது. தன் முறை முடியும்போது, முந்தைய முறைக்குப் பிறகு எந்த எதிரியையும் தாக்கவுமில்லை, தனக்கு அடிபடவுமில்லை என்றால் ரேஜ் அணைந்துவிடும். பார்பேரியனின் கிளைகளில் ஒன்றான பெர்சர்க்கர் பாதையை எடுத்தவள் வெறியின் உச்சிக்குப் போனால், முடிந்தபின் ஒரு படி களைப்பு ஏறும். அந்தக் களைப்போடு மறுநாள் காலைவரை அவள் தடம் பார்த்தாலும் சரி, ஒருவரிடம் பேரம் பேசினாலும் சரி, இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு படிகள் சேர்ந்தால் மரணம். இவ்வளவு நிபந்தனைகளுக்குள் எப்போது கோபப்படுவது என்று முடிவெடுப்பவரைப் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை என்று எப்படிச் சொல்வது? முதல் அறையில் கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நான்கைக் கண்டதும் ரேஜை எரித்துவிட்டு, கடைசி அறையில் வெறுங்கையாக நின்றவர்களுக்கு இது தெரியும்.

பாலத்தின் நடுவே

இந்த எண்ணம் எனக்குள் உறுதியாகக் காரணமான ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்போது சர்கா என்ற பெயரில், மலைக்குலம் ஒன்றிலிருந்து கீழே இறங்கிவந்த ஒரு பார்பேரியனை ஆடிக்கொண்டிருந்தேன். நான்காம் லெவல். பள்ளத்தாக்கின்மேல் ஒரு மரப்பாலம். எதிர்முனையில் கொள்ளையர்களின் காவல்வாயில். எங்கள் மந்திரவாதியும் பூசாரியும் பின்னால் நிற்க, பாலத்தின் நடுவில் சர்கா ரேஜோடு நின்றாள். அன்றைய மூன்றாவது ரேஜ் அது, இனி ஒன்று கிடையாது. வீசுவதற்கென்று வைத்திருந்த ஈட்டிகளும் தீர்ந்துவிட்டிருந்தன. எதிரே வந்தவர்களில் இருவர் விழுந்தார்கள், ஒருவன் ஓடினான், மிஞ்சிய ஒருவன் தடியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். இளைஞன், பதினாறு பதினேழு வயதிருக்கும் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொன்னார். அதே மூச்சில், வாயிலுக்குப் பின்னால் சங்கிலி உருளும் ஓசை கேட்கிறது என்றும் சொன்னார். கதவு ஏறிக்கொண்டிருக்கிறது, கொள்ளையர் தலைவனான ஓகர் என்ற ராட்சதன் இரண்டு ரவுண்டில் வெளியே வந்துவிடுவான் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்தது என் முறை. மேசையில் எல்லோரும் விதியைக் கணக்கிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அந்த இளைஞனைத் தவிர வேறு எதிரி இல்லை. கடந்த முறைக்குப் பிறகு சர்காமீது ஒரு கீறல்கூட விழவில்லை. யாரையாவது தாக்கினால்தான் ரேஜ் நீடிக்கும். தாக்காவிட்டால் இந்த முறை முடியும் நொடியில் அது போய்விடும், ஓகரின் கதாயுதம் முழுச் சேதத்தோடு அவள்மீது இறங்கும். மந்திரவாதியை ஆடிய நண்பர், அவன் இன்னும் எதிரிதானே என்றார். கொடுமையாக அவர் அதைச் சொல்லவில்லை. எங்கள் ஐந்து பாத்திரங்களின் உயிரையும் எண்ணித்தான் சொன்னார், விதிப்படியும் அவர் சொன்னதில் தவறில்லை. ரோக் என்ற கள்வன் பாத்திரத்தை ஆடியவர், வேண்டுமானால் சர்காமீது தானே ஒரு கத்தியை வீசுவதாகச் சொன்னார்; அடிபட்டாலும் ரேஜ் தொடரும் அல்லவா? ஆனால் அவருடைய முறை எனக்குப் பின்னால்தான் வரும். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளலாமே என்று ஒரு குரல் எழுந்தது. அவளிடம் மீதமிருந்த ஹிட் பாயிண்ட்கள், அதாவது உயிர்ப் புள்ளிகள், அதற்கு இடம் தரவில்லை.

டிஎம் எதையும் தூண்டவில்லை, எதையும் தடுக்கவுமில்லை. "சர்கா என்ன செய்யறா?" என்று மட்டும் கேட்டார்.

பாத்திரத் தாளின் ஓரத்தில், அவளை உருவாக்கிய நாளில் நான் எழுதிவைத்த ஒரு வரி இருந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்தவன் அன்றிரவு குலத்தின் விருந்தாளி என்பது அந்த வரி. எழுதும்போது அது ஓர் அலங்காரம்தான். பின்கதை என்ற கட்டத்தை வெறுமையாக விட மனமில்லாமல் எழுதியது. அதுவரை எந்த ஆட்டத்திலும் அது விலை கேட்டதில்லை. இப்போது கேட்டது. சர்கா கோடரியைத் தாழ்த்தினாள். "எழுந்திரு, என் பின்னால் போ" என்றாள். அவன் அவளைக் கடந்து எங்கள் பக்கம் ஓடும்வரை அப்படியே நின்றாள். நான் என் தாளில் ரேஜ் கட்டத்தை அடித்தேன். ஓகர் வந்தான். இரண்டாவது அடியிலேயே அவள் விழுந்தாள். பூசாரி தன் கடைசி மந்திரத்தைச் செலவழித்து அவளை மீட்டதும், நாங்கள் பின்வாங்கிப் பாலத்தை அறுத்ததும், வந்த வேலை முடியாமலே மலையைச் சுற்றி வேறு வழி தேடியதும் பிறகு நடந்தவை. அந்த இளைஞன் அன்றிரவே ஓடிப்போனான். அவன் திரும்பி வரவில்லை, எங்களுக்கு எந்த ரகசிய வழியையும் காட்டவில்லை. கருணைக்குப் பரிசாக ஒரு திருப்பத்தை டிஎம் வைத்திருந்தால் அந்த முடிவு ஒரு நல்ல முதலீடாகச் சுருங்கிப்போயிருக்கும். அவர் அதைச் செய்யாததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மாறியது வேறொன்று. அடுத்த ஆட்டத்தில், ஊர்த்தலைவரிடம் என்ன சொல்வது என்று விவாதம் எழுந்தபோது, மந்திரவாதியை ஆடும் அதே நண்பர் என் பக்கம் திரும்பி, சர்கா என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பகடை சாதிக்காத ஒன்றை, பகடையைத் தொடாமல் விட்ட ஒரு முறை சாதித்திருந்தது.

2024-இல் வந்த புதிய விதிநூல் இந்த இடத்தை மாற்றிவிட்டது. இப்போது தாக்காவிட்டாலும், தன் முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயலான ஒரு போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து ரேஜை நீட்டிக்கலாம். பத்து நிமிடம்வரை அது நீடிக்கும். மூன்றாம் லெவலிலிருந்து, ரேஜில் இருக்கும்போதே பதுங்குவது, கவனிப்பது, மிரட்டுவது போன்றவற்றை உடல்வலிமையைக் கொண்டே செய்யலாம். சண்டைக்கு வெளியிலும் பார்பேரியனுக்கு வேலை கொடுக்கும் இந்த இரண்டாவது மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். வெறும் கையோடு காத்திருந்தவர்களுக்குச் செய்யப்பட்ட நியாயம் அது. முதலாவதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதிரியை எட்ட முடியாமல் ஒரு ரேஜ் வீணாகும் எரிச்சல் போய்விட்டது என்பது உண்மை. பறக்கும் எதிரிகளிடம் சிக்கியவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். ஆனால் புதிய விதியின்படி சர்கா அந்த இளைஞனையும் விட்டிருப்பாள், ரேஜையும் வைத்திருந்திருப்பாள். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும்போது தேர்வு என்று ஒன்று இல்லை. கோபத்தைத் தொடர வேண்டுமானால் யாரையாவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய விதி, கோபத்தைப் பற்றி நான் எந்த விதிநூலிலும் படித்த மிக உண்மையான வாக்கியம்.

எங்கிருந்து வந்தவள்

அந்த ஓரவரி இல்லாதிருந்தால் பாலத்தில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இருந்திருக்காது என்பதை நினைக்கும்போதுதான், பார்பேரியனுக்கு ஊரும் உறவும் சட்டமும் எவ்வளவு அவசியம் என்பது விளங்குகிறது. பெரும்பாலான மேசைகளில் பார்பேரியனின் குலம் கதை தொடங்கும் முன்பே கூண்டோடு அழிந்திருக்கும். பழிவாங்கக் காரணம் கிடைக்கும் என்பதற்காக அப்படி எழுதுகிறார்கள். அதனோடு அவளுடைய பாட்டிமாரும் வழக்கங்களும் பழமொழிகளும் சேர்ந்து எரிந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. நகரத்தார் அவளைக் காட்டுமிராண்டி என்று அழைப்பது அவர்கள் பார்வை. அவளுடைய பார்வையில் சட்டம் இல்லாதவர்கள் அவர்கள்தானே?

வெளியிலிருந்து பார்த்து எழுதியவர்களின் குறிப்புகளிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. ரோமானியரான டாசிடஸ் கி.பி. 98-இல் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதியபோது, அவர்கள் போர், சமாதானம், திருமண உறவு ஆகியவற்றை விருந்தில் குடித்துக்கொண்டே விவாதிப்பார்கள் என்றும், மறுநாள் தெளிந்த மனத்தோடு அதே விஷயத்தை மறுபடி எடுத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றும் குறித்தார். பாசாங்கு செய்ய முடியாத நேரத்தில் விவாதம், தவறு செய்ய முடியாத நேரத்தில் தீர்மானம். இப்படி ஒரு வழக்கம் உள்ள குலத்திலிருந்து வந்த பார்பேரியன், விடுதியில் குடித்துவிட்டு நண்பர்கள் போடும் அவசரத் திட்டத்தைக் கேட்டு, "நாளைக் காலையில் மறுபடி சொல்லுங்கள்" என்று சொன்னால் அந்தக் காட்சி எவ்வளவு உயிர்பெறும்! ரேஜின் வேரும் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லூசன், வடநாட்டுக் கடவுளான ஓடினின் வீரர்கள் கவசமின்றிப் போரிட்டதையும், கேடயத்தைக் கடித்ததையும், நெருப்பும் இரும்பும் அவர்களை ஒன்றும் செய்யாததையும் எழுதினார்; கவசம் அணியாத பார்பேரியனுக்கு ஆட்டம் தரும் தற்காப்பும், ரேஜின் பாதிச் சேதமும் அந்த வரிகளின் விதிவடிவம் என்றே எனக்குப் படுகிறது. 1831-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்களில் சில வீரர்கள் கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கவ்வியபடி நிற்கிறார்கள். அந்த முகங்களை உற்றுப் பார்த்தால், பிதுங்கிய கண்களுக்குள் வெறி மட்டுமல்ல, வெடித்துவிடாமல் பிடித்துவைத்திருக்கும் முயற்சியும் தெரிகிறது.

சில ஆட்டங்கள் இதை விதியாகவே எழுதிவிட்டன. டன்ஜன் வேர்ல்டில் பார்பேரியனை ஆடுபவரிடம், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் நடத்துநர் அவருடைய தாயகத்தைப் பற்றியோ, அங்கிருந்து ஏன் கிளம்பினார், எதை விட்டுவந்தார் என்பதைப் பற்றியோ ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அனுபவப் புள்ளி. 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில், ரேஜின் ஊற்றாக ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் இயல்பூக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடைகள் உண்டு. ஆவிகளின் வழி வந்தவள் பிணத்தையோ ஆவியையோ அவமதிக்கக் கூடாது, மீறினால் ஆற்றல் போய்விடும். இவ்விரண்டில் எனக்கு மிகவும் பிடித்தது முதலாவதுதான். தண்டனையைவிடக் கேள்வி ஆழமாக வேலை செய்கிறது. உங்கள் ஊரில் பொய் சாட்சி சொன்னவனை என்ன செய்வார்கள், குழந்தைக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று கேட்கப்பட்டவர், பதில் சொல்லிச் சொல்லியே ஒரு நாட்டைக் கட்டிவிடுகிறார்.

ஆயுதத்தைக் கீழே வைக்கும் எதிரிகள்

இதில் பாதிப் பொறுப்பு டிஎம் கையில் இருக்கிறது. கடைசி ஹிட் பாயிண்ட் வரை சண்டையிட்டுச் சாகும் எதிரிகளை மட்டுமே எதிரில் நிறுத்தினால், எவ்வளவு நுட்பமாக ஆடத் தெரிந்த பார்பேரியனும் வெட்டும் கருவியாகத்தான் இருக்க முடியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை மன உறுதி எண் ஒன்று உண்டு. முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்த பின்பும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். அந்த எண்ணைவிடக் கூட வந்தால் மிஞ்சியவர்கள் ஓடுவார்கள், இல்லையேல் சரணடைவார்கள். இந்த எளிய விதி பிற்பாடு எப்படி ஓரங்கட்டப்பட்டது என்பது எனக்கு விளங்காத புதிர்.

நான் டிஎம் இருக்கையில் அமரும்போது அந்த உருட்டலை எங்கள் ஐந்தாம் பதிப்பு ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். சண்டைகள் சுருங்கின, பேச்சுகள் நீண்டன. எங்கள் மேசையில் இப்போது பார்பேரியனை ஆடும் பெண், பகடையை எடுப்பதற்கு முன்பே, எதிரில் நிற்பவர்களில் யாருடைய கை நடுங்குகிறது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். பல முறை அவருடைய ரேஜ் அன்று முழுவதும் தொடப்படாமலே இருக்கிறது. வேறு சில நாள்களில், நடுங்காத ஒருவன் எதிரே வரும்போது, நண்பர்களைப் பின்னால் தள்ளிவிட்டு முதல் அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அவர் அதைத் திறக்கிறார். அப்போது அந்தப் பன்னிரண்டு முகப் பகடை உருள்வதைப் பார்க்க எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.